டப் என்ற சொல்லுக்குள் இருந்த துப்பாக்கிகள்

அந்தப் படக் காப்பகத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. டமால் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவள் பேசுவது பக்கத்து நாற்காலிக்கே கேட்காது. லிஃப்டில் ஏறினால் மூலையில் ஒடுங்கி நிற்பாள். கதவைச் சாத்தும்போதுகூடக் கைப்பிடியைப் பிடித்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோலச் சாத்துவாள். அப்படிப்பட்டவளுக்கு இந்தப் பட்டப்பெயர் வந்தது அவள் பார்த்த வேலையால்.

மூன்று மாடிக் கட்டடம். பழைய வார இதழ்கள், சித்திரக் கதைகள், சுவரொட்டிகள், கேலிப் படங்கள் என்று ஆறு லட்சம் படங்களுக்கு மேல் ஸ்கேன் செய்து சேர்த்து வைத்திருந்தார்கள். யானை வேண்டும் என்கிறவர் 'யானை' என்று தேடினால் யானைகள் வந்து நிற்கும். அப்படி வந்து நிற்பதற்காக ஒரு கூட்டமே காலை முதல் மாலை வரை உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் குறிச்சொல் போட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய பகுதி, படத்துக்குள்ளேயே எழுதியிருக்கும் சத்தங்கள். கதவு மோதினால் 'டமால்', கண்ணாடி உடைந்தால் 'சிலீர்', கன்னத்தில் விழுந்தால் 'பளார்'. வரைந்தவர்கள் எழுத்துக்கூட்டலைப் பற்றி அலட்டிக்கொண்டவர்கள் இல்லை. இடம் இருந்தால் நீட்டினார்கள், இல்லாவிட்டால் சுருக்கினார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, 'டமால்' என்ற ஒரே சொல் முப்பத்தொரு விதமாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்துப் பட்டியல் போட்டுக் கொடுத்தாள். அன்றோடு அவளுடைய சொந்தப் பேர் மறைந்தது.

ஒழுங்கு என்றால் அவளுக்கு உயிர். வீட்டில் சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை' என்றும் உப்பு டப்பாவில் 'உப்பு' என்றும் எழுதி ஒட்டியிருப்பாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர், "என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடு, மறந்துடப் போற" என்பார். அவள் சிரித்துக்கொண்டே டப்பாவை நேராகத் திருப்பி வைப்பாள்.

ஒன்பது வருடம் இப்படி ஓடியது. அந்த ஒன்பது வருடமும் அவளுக்கு எதிர் மேசையில் இருந்தவரை எல்லோரும் அரைப்புள்ளி என்பார்கள். ஒரு காலத்தில் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். எந்த வாக்கியத்தையும் ஒரே மூச்சில் முடிக்க மாட்டார். நடுவில் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, கேட்கிறவர் எழுந்து போகலாமா என்று யோசிக்கும்போது மிச்சத்தைச் சொல்வார். சத்தங்களுக்கு முதன்முதலில் குறிச்சொல் போட ஆரம்பித்தவர் அவர்தான். அவர் போட்ட முறையில் ஒவ்வொரு சத்தமும் பல கிளைகளாகப் பிரிந்து கிடந்தது. டப்-மூடி, டப்-பலூன், டப்-துப்பாக்கி, டப்-கொட்டாங்குச்சி. தேடுகிறவர்களுக்குத் தலை சுற்றியது.

இதை ஒன்றாக்க வேண்டும் என்று அவள் மேலாளரிடம் கேட்டாள். கூட்டம் போட்டார்கள்.

"எழுத்துல என்ன இருக்கோ அதான் நம்ம வேலை சார்" என்றாள் அவள். "படத்துல மூடி இருக்கா துப்பாக்கி இருக்காங்கறதப் பாக்க வேற பகுதி இருக்கு."

"மூடி திறந்தாலும் டப்பு" என்றார் அரைப்புள்ளி. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "ஒருத்தன் செத்தாலும் டப்பு. ரெண்டையும் தூக்கி ஒரே டப்பாவுல போட்டு..."

"டப்பாவுல போட்டு மூடினாலும் டப்புதான் சார்."

ஒன்பது வருடத்தில் அவள் கூட்டத்தில் சொன்ன ஒரே நகைச்சுவை அது. மேலாளர் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அரைப்புள்ளி தன் வாக்கியத்தை முடிக்கவே இல்லை. மறுநாள் தரைத்தளத்தில் ஸ்கேன் செய்யும் அறைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, தன் குடையோடும் தண்ணீர்ப் புட்டியோடும் இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எட்டு மாதம் இருவருக்கும் நடுவில் "ஃபைல் வந்துச்சா", "வந்துச்சு" என்பதைத் தவிரப் பேச்சில்லை.

அவள் இரண்டு வாரத்தில் அறுபத்தொரு சத்தங்களின் கிளைகளை இணைத்தாள். பட்டியல் பளிச்சென்று ஆனது.

அவள் பார்க்காமல் விட்டது ஒரு புள்ளியை. ஒவ்வொரு குறிச்சொல்லுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னப் புள்ளி உண்டு. பச்சை என்றால் பள்ளிப் புத்தகத்துக்குக் கொடுக்கலாம். சிவப்பு என்றால் கூடாது. புள்ளி குறிச்சொல்லுக்குத்தானே தவிர படத்துக்கு இல்லை. டப்-துப்பாக்கியைக் கொண்டுபோய் 'டப்' என்பதோடு சேர்த்தபோது, துப்பாக்கிக்கு இருந்த சிவப்பு அழிந்து, மூடிக்கும் பலூனுக்கும் இருந்த பச்சை அதற்கும் வந்துவிட்டது. எட்டு மாதமாக அது அப்படியே கிடந்தது.

ஒரு புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அவளுக்கு அது தெரியவந்தது.

ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான எழுத்துப் புத்தகம் ஒன்றுக்கு ஒரு பதிப்பகம் காப்பகத்திலிருந்து படங்கள் எடுத்திருந்தது. புத்தகத்தின் பின்னால் எட்டு ஸ்டிக்கர் தாள்கள், தாளுக்கு நாற்பது படம், ஒவ்வொன்றும் தபால்தலை அளவு. பிள்ளைகள் 'ட' என்ற எழுத்துக்கு நேரே 'டப்' படத்தைப் பிய்த்து ஒட்ட வேண்டும். மொத்தம் முந்நூற்று இருபது படங்களையும் பதிப்பகத்துக்காரர்களே பச்சைப் புள்ளியை நம்பித் தேடி எடுத்திருந்தார்கள். வரைந்தவர் பேர்கள் சரியா என்று பார்த்துச் சொல்லும்படி பட எண்களின் பட்டியலை மட்டும் அவளுக்கு அனுப்பியிருந்தார்கள்.

நூற்றுப் பதினேழாவது எண்ணில் வரைந்தவர் பேர் இல்லை. மூலையில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கப் படத்தைத் திறந்தாள்.

தபால்தலை அளவில் பார்த்தால் ஒருவர் குனிந்து எதையோ தேடுகிறார், இன்னொருவர் பின்னால் நின்று உதவுகிறார் என்றுதான் தோன்றும். முழு அளவில் குனிந்தவனுடைய கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. நின்றவன் கையில் துப்பாக்கி, பிடரியில் வைத்து. மேலே தடித்த எழுத்தில் 'டப்'.

படத்தை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தாள். பிறகு குறிச்சொல்லைத் திறந்தாள், புள்ளியைப் பார்த்தாள். பிரித்துப் பார்க்க முடியுமா என்று பட்டியலை அலசினாள். பாலில் கலந்த தண்ணீராக எல்லாம் ஒன்றாய்க் கிடந்தது. இணைப்பதற்கு முன்னால் எது எங்கே இருந்தது என்பதற்கு இயந்திரத்தில் தடயமே இல்லை.

அந்தப் புத்தகம் எங்கே அச்சாகிறது என்பது அவளுக்குத் தெரியும். அவள் நாத்தனார் அந்த அச்சகத்தில்தான் மெஷின் அறைக் கண்காணிப்பாளர். அவளைக் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க அண்ணி. இங்க ஒரே இரைச்சல், சத்தமாப் பேசுங்க."

"அந்த ஸ்டிக்கர் தாள் ஓடிருச்சா?"

"எது, சின்னப் புள்ளைங்க புத்தகமா? பிளேட் மாட்டிக்கிட்டிருக்காங்க. பன்னெண்டு மணிக்கு ஓட்டணும். ஏன்?"

"அத நிறுத்தி வைக்க முடியுமா?"

நாத்தனார் கதவுக்கு வெளியே வந்து பேசினாள். "என்னாச்சு அண்ணி?"

"என்னால ஒரு தப்பு நடந்துபோச்சு. புள்ளைங்க பாக்கக் கூடாத படம் அதுல இருக்கு."

"வாய் வார்த்தைக்கெல்லாம் நிறுத்த முடியாது அண்ணி. உங்க ஆபீஸ்ல இருந்து எழுத்துல வரணும். அது வந்தாக்கூட, வேற ஒரு வேலைய முன்னாடி ஏத்தி ரெண்டரை வரைக்கும் தள்ளலாம். அதுக்கு மேல என் கையில இல்ல."

மேலாளர் கண்ணாடி அறைக்குள், கணினித் திரையில் யாரோ ஆறு பேரோடு பேசிக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடியைத் தட்டினாள். அவர் திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டினார். அவள் நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. மறுபடி தட்டினாள், மறுபடியும் கை. அவள் மேசைக்குப் போய் ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதிக் கொண்டுவந்து கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள். 'பிள்ளைகள் புத்தகத்தில் கொலைப் படம். 12 மணிக்கு அச்சு.'

அவர் எழுந்து வந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய் முட்டியது.

கேட்டுக்கொண்டார். முகம் கறுத்துப்போனது. "சிஸ்டம் கோளாறா?" என்றார்.

அந்தக் கேள்விக்குத் தலையை ஒரு முறை ஆட்டியிருந்தால் போதும். இயந்திரத்தின் மேல் பழி விழுந்திருக்கும். தடயம் இல்லாத தப்பு, யார் தோண்டப் போகிறார்கள். அவளுக்கு அது தோன்றாமல் இல்லை. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"இல்ல சார். நான் இணைச்சதால வந்தது. சிவப்பு எல்லாம் பச்சையாயிடுச்சு, நான் கவனிக்கல."

மேலாளர் அவள் கையிலிருந்த தாளை வாங்கி மடித்தார். "அச்சகத்துக்கு ரெண்டரை வரைக்கும் நிறுத்தச் சொல்லி நான் எழுதுறேன். அதுக்குள்ள எந்தெந்தப் படம்னு எண் வேணும் எனக்கு. ஒண்ணு விடக் கூடாது. பதிப்பகத்துக்கு என்ன சொல்றதுங்கறத அப்புறம் பாக்கலாம்."

முந்நூற்று இருபது படம். ஒவ்வொன்றையும் பழைய சேமிப்பிலிருந்து முழு அளவில் திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். மூன்று மணி நேரத்துக்குள் ஒருத்தியால் முடியாது. துப்பாக்கி, கத்தி என்று தேடலாமே என்றால், பொருள்களுக்குக் குறிச்சொல் போடும் பகுதி இந்தப் பழைய தொகுப்புகளுக்கு இன்னும் வந்தே சேரவில்லை. அது பார்த்துக்கொள்ளும் என்று கூட்டத்தில் சொன்னவளும் அவள்தான்.

எந்தச் சத்தம் எந்தக் கிளையில் இருந்தது என்று அறிந்த ஆள் இந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். அவள் லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினாள். இரண்டாவது திருப்பத்தில் கால் நின்றது. அன்று கூட்டத்தில் எழுந்த சிரிப்பு காதில் கேட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மீதிப் படிகளை இறங்கினாள்.

அரைப்புள்ளி ஸ்கேனர் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பழைய இதழின் பக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க சொன்னது சரி. நான் தப்புப் பண்ணிட்டேன். ரெண்டரை மணிக்கு அச்சுக்குப் போகுது" என்றாள். மூச்சு வாங்கியது. நடந்ததை நாலு வரியில் சொன்னாள்.

அவர் மூடியை இறக்கினார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க ஆரம்பித்தார். அந்த நேரம் அவளுக்கு ஒரு யுகமாக இருந்தது.

"அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க" என்றார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நீங்க சிரிக்கல. சொல்லிட்டுக் கீழ குனிஞ்சுக்கிட்டீங்க. அதப் பாத்தேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசை இழுப்பறையைத் திறந்தார். நீல அட்டை போட்ட நீளமான நோட்டு. "நீங்க இணைக்கறதுக்கு முந்தின வாரம்... சிவப்பு எல்லாத்தையும் எண்ணோட எழுதி வெச்சேன். கோவத்துலதான் எழுதினேன். ஒருநாள் உங்க முன்னாடி கொண்டாந்து போடணும்னு." நோட்டை அவள் பக்கம் தள்ளினார். "உக்காருங்க. நீங்க எண்ணப் படிங்க, நான் பாக்கறேன்."

அவள் பட்டியலில் இருந்த எண்ணை வாசிக்க, அவர் பொடி எழுத்து வரிசைகளில் விரலை ஓட்டினார். நோட்டில் டப் கிளையில் மட்டும் இருநூற்றுப் பதினான்கு துப்பாக்கிகள். 'இல்ல', 'இல்ல', 'இல்ல' என்று அவர் சொல்லிக்கொண்டே போக, அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டாள். முப்பத்தெட்டாவது எண்ணில் விரல் நின்றது. "இருக்கு. சரக். கத்தி." நூற்றுப் பதினேழு. நூற்று அறுபது, 'தொபுக்', கிணற்றில் தள்ளும் படம். யாரோ வாசலில் எட்டிப் பார்த்துச் சாப்பிட வரவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் அடுத்த எண்ணை வாசித்தாள்.

ஒன்றரை மணிக்கு ஒன்பது படங்கள் சிக்கியிருந்தன. அவள் முதுகை நிமிர்த்தினாள்.

"முடியல" என்றார் அவர். "நான் இறங்கி வந்ததுக்கு அப்புறம் சேந்த படங்க... நோட்டுல கிடையாது."

அவள் எண்களைத் திருப்பிப் பார்த்தாள். நாற்பத்தொரு படங்கள் இந்த எட்டு மாதத்தில் வந்தவை. அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு கணினியில் உட்கார்ந்தார்கள். படம் மேலிருந்து கீழாக மெதுமெதுவாகத் திறந்தது. வானம் வந்தது, மரம் வந்தது, ஒரு தலை வந்தது, கையில் என்ன இருக்கிறது என்பது கடைசியில் வந்தது. ஒவ்வொரு கைக்கும் அவள் நெஞ்சு ஒரு முறை அடித்து ஓய்ந்தது. பந்து. பூட்டு. பந்து. விளக்கு. துப்பாக்கி.

இரண்டு மணி ஐந்து நிமிடத்தில் கணக்கு பதினொன்று. நாத்தனாரிடமிருந்து கைப்பேசியில் ஒரு வரி வந்தது: 'அண்ணி முன்னாடி ஏத்தின வேலை முடியப் போகுது.'

"இத ஒரு தடவ பாருங்க சார்" என்றாள் அவள்.

பட்டியலில் இருநூற்று மூன்றாவது படம். 'பளார்' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே ஒரு பையன் பறந்துகொண்டிருந்தான். ஓங்கிய கை அவன் அப்பாவுடையது. தலையைச் சுற்றி நட்சத்திரங்கள்.

"அது நோட்டுல இல்ல. ஆரம்பத்துலேர்ந்தே பச்சை" என்றார் அவர்.

"தெரியும். புதுசுகளத் திறக்கும்போது இதுவும் கை தவறித் திறந்துடுச்சு. ஆறு வயசுப் புள்ள கைல இதக் கொடுத்து 'ப'வுக்கு நேரா ஒட்டச் சொல்லலாமா?"

அவர் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"இதுக்குப் பச்சை போட்டது நான்தான். அப்போ எனக்கு இது சிரிப்பா இருந்துச்சு" என்றார், ஒரே மூச்சில். "எடுத்துருங்க."

பன்னிரண்டு எண்களோடு அவள் மாடிக்கு ஓடினாள். மேலாளர் பதிப்பகத்துக்குக் கடிதத்தைத் தயாராக வைத்திருந்தார். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாகக் கீழ்க்கண்ட படங்களை மாற்ற வேண்டியுள்ளது' என்று இருந்தது. எண்களை மட்டும் நிரப்ப வேண்டும். மணி இரண்டு பதினெட்டு.

"சார், கோளாறுன்னு போட்டா சரியாயிடுச்சுன்னு நெனச்சுப்பாங்க" என்றாள். குரல் அவருக்குக் கேட்கிற அளவுக்கு இருந்தது. "எட்டு மாசமா அவங்க வேற புத்தகத்துக்கும் நம்மகிட்ட எடுத்திருக்காங்க. அதுலயும் இது இருக்கலாம். காரணம் தெரிஞ்சாத்தான் தேடுவாங்க."

"காரணம்னா உங்க பேரு வரும்."

"வரட்டும் சார்."

"என் பேரும் வரும். கூட்டத்துல சரின்னு சொன்னது நான்."

அவர் திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அந்த வரியை அழித்தார். 'குறிச்சொற்களை இணைத்ததில் எங்களுக்கு ஏற்பட்ட பிழை' என்று அடித்து, அவளைத் திரும்பிப் பார்க்காமலே அனுப்பினார்.

இரண்டு இருபத்தாறுக்கு நாத்தனார் கூப்பிட்டாள். "பதிப்பகத்துலேர்ந்து நிறுத்தச் சொல்லிட்டாங்க அண்ணி. பிளேட்டக் கழட்டியாச்சு. மை சரிபாக்க ஓட்டின தாள் ஒரு கட்டு இருக்கு, அத நானே நின்னு வெட்டிப் போட்டுடறேன்." கொஞ்சம் நிறுத்தி, "சாப்பிட்டீங்களா?" என்றாள். அப்போதுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மறுநாள் பதிப்பகத்துக்கு அவளை வரச் சொன்னார்கள். மேலாளரும் கூட வந்தார். நீள மேசைக்கு எதிரே அந்தப் புத்தகத்தின் பதிப்பாசிரியர் அம்மாள் உட்கார்ந்திருந்தார், முன்னால் அந்த ஸ்டிக்கர் தாளின் மாதிரியும் ஒரு பூதக் கண்ணாடியும். நூற்றுப் பதினேழாவது படத்தை அவர் பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. கத்துவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் கத்தவில்லை.

"நாங்களும் இதப் பாத்தோம். மூணு பேரு பாத்தோம். சின்னதா இருந்ததால விட்டுட்டோம்" என்றார். பிறகு, "இந்தப் பன்னெண்ட விடுங்க. போன எட்டு மாசத்துல எங்ககிட்ட வந்ததுல இன்னும் எத்தனை இருக்கும்?"

மேலாளர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "தெரியாதுங்க. தேடிக்கிட்டிருக்கோம்."

ஆசிரியர் அம்மாள் தாளை மடித்து உறையில் போட்டார். "தெரிஞ்சதும் சொல்லுங்க" என்றார். காப்பகத்தின் படங்களை வெளியாட்கள் நேரடியாக எடுப்பதை அன்று மாலையே நிறுத்தினார்கள். இணைக்கும் உரிமையை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இனி இருவர் ஒப்புக்கொண்டால்தான் எந்தச் சத்தமும் எந்தச் சத்தத்தோடும் சேரும். ஏற்கெனவே அச்சாகியிருந்த ஒரு கதைப் புத்தகத்தில் மூன்று படங்கள் சிக்கின. அது பள்ளிகளுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. திரும்பப் பெற்றார்கள். எல்லாப் பிரதிகளும் திரும்பி வரவில்லை.

அரைப்புள்ளியை மாடிக்கு வரச் சொல்லி மேலாளரே கேட்டார். அவர் மறுத்துவிட்டார், கீழே வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். ஆகையால் தினமும் காலை அவள் இறங்கிப் போனாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒன்றாகிக் கிடந்த அறுபத்தொரு சத்தங்களையும் ஒவ்வொரு படமாகத் திறந்து பிரித்தார்கள். புள்ளியை இப்போது குறிச்சொல்லுக்கு வைப்பதில்லை, படத்துக்கு வைத்தார்கள். நான்கு மாதம் ஆயிற்று. சண்டை இல்லாமல் ஒரு நாளும் போகவில்லை. தலையணையால் அடித்துக்கொள்வது சிவப்பா பச்சையா என்பதில் மட்டும் ஒன்றரை நாள் போனது.

"நீங்க சொல்றபடியே வெச்சாக்கூட..." என்று ஆரம்பித்து அவர் கண்ணாடியைக் கழற்றுவார்.

அவள் அடுத்த படத்தைத் திறக்காமல், அவர் துடைத்து முடிக்கும்வரை காத்திருப்பாள்.